ஓய்வு விரும்பியின் கட்டுச்சோறு

மனிதர்களில் ஓய்வு விரும்பி என்று ஒரு வகை உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், தேடிப் பாருங்கள். வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். அதுவும் கட்டாயமில்லை, நாற்பதிலேயே பழுத்துவிட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். வயல்வெளியில் நடப்பது, நாய் வளர்ப்பது, வீட்டுச் சாப்பாடு சாப்பிடுவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரெண்டு நாள் எங்காவது போய் வருவது, இந்த நான்கும் போதும் தம்பி வாழ்க்கைக்கு என்பார். கேட்கிற நமக்குக் கண் கலங்கிவிடும். எவ்வளவு எளிமையான மனிதர், யாருக்கும் தொந்தரவில்லாத ஆசைகள் என்று தோன்றும். அப்படித் தோன்றினால் நீங்கள் அவர் வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

எங்கள் தெரு ஓய்வு விரும்பியின் பெயர் சுந்தரமூர்த்தி. செஞ்சியில் எனக்கு அடுத்த வீடு. அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் உதவியாளராக இருந்து, நாலு வருடத்துக்கு முன்பு ஓய்வு பெற்றவர். மாலை போட்டு அனுப்பினார்கள். மறுநாளே ஒரு நாயை வாங்கி வந்து அதற்குச் ‘சூப்பிரண்டு’ என்று பெயர் வைத்தார். அலுவலகத்தில் காலமெல்லாம் ஏதாவது ஒரு சூப்பிரண்டு சொன்னதைத் தான் கேட்டாயிற்று, இனிமேல் தான் சொல்வதை ஒரு சூப்பிரண்டு கேட்கட்டும் என்று ஆசை. ஆசை நிறைவேறவில்லை. பழக்கதோஷம் விடுமா? நாயைக்கூட அவரால் ஒருமையில் கூப்பிட முடியவில்லை. "சூப்பிரண்டு, கொஞ்சம் உக்காருங்க" என்பார். அது உட்காராது. "சரி, அப்பால உக்காருங்க" என்பார்.

நடையிலிருந்து தொடங்குவோம். காலை ஐந்தரை மணிக்கு அவர் சிங்கவரம் ரோட்டில் நடக்கக் கிளம்புவார். கிளம்புவார் என்று நான் ஒரே சொல்லில் எழுதிவிட்டேன். ஆனால் அவர் கிளம்புவதற்காக அவர் மனைவி ஜெயக்கொடி அக்கா ஐந்து மணிக்கே எழுந்து, வெந்நீர் வைத்து, அதில் எலுமிச்சம்பழம் பிழிந்து, குரங்குக்குல்லாயைத் தேடி எடுத்து, ஒரு கால் சாக்ஸைக் கட்டிலுக்கு அடியிலும் மறுகால் சாக்ஸைச் சூப்பிரண்டின் வாயிலும் கண்டுபிடித்து, பிடுங்கி, உதறி, மாட்டிவிட்டு, நாய்க்குச் சங்கிலியும் மாட்டிவிட்டு, கேட்டைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நிற்பார். ஏனென்றால் மூக்குக்கண்ணாடிக்காகத் தெருமுனையிலிருந்து கணவர் ஒருமுறை திரும்பி வருவார். அதற்குப் பிறகுதான் அவர் இயற்கையை ரசிக்க ஆரம்பிப்பார்.

ரசிப்பதென்றால் வாயை மூடிக்கொண்டு ரசிக்கிற ஆள் இல்லை. மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலைக் கொல்லையில் விடிவதற்கு முன்பிருந்தே நிற்கிற பச்சைமுத்துவை வரப்பிலிருந்து கூப்பிட்டுச் சொல்வார்.

"இன்னா பச்சைமுத்து, காத்து இன்னா மாதிரி வருது பாத்தியா? இத சுவாசிச்சா போதும், ஆஸ்பத்திரிக்கே போவ வேணாம்."

"காத்து வருது சார். மோட்டாருக்குக் கரண்டுதான் வரல."

"ஆங், அதான் சொல்றேன். நிம்மதியான தொழில்!"

ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் சூப்பிரண்டு நடு ரோட்டில் படுத்துவிடும். எழுந்திருங்க என்றால் எழுந்திருக்காது. ஆகவே நடந்து போன இருவரும் ஷேர் ஆட்டோவில் திரும்பி வருவார்கள். வெறுங்கையோடு வர மாட்டார்கள். ஒரு நாள் பச்சை மல்லாட்டை ஒரு பை, ஒரு நாள் முருங்கைக்கீரை நாலு கட்டு, ஒரு நாள் மொச்சை. "கொல்லையில பறிச்சது ஜெயா, ஃபிரெஷ்ஷு!" என்று சமையலறை வாசலில் கொட்டிவிட்டு நாற்காலியில் சாய்வார். அப்புறம் அந்தக் கீரையை யார் ஆய்வது, மொச்சையை யார் உரிப்பது, நாயின் காதுமடலில் ஒட்டிக்கொண்டு வந்த உண்ணியை யார் எடுப்பது? நடந்தவர் அவர். கால் வலிப்பது அக்காவுக்கு.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். "வீட்டுச் சாப்பாடு மாதிரி வருமா?" என்பது ஓய்வு விரும்பியின் தாரக மந்திரம். கல்யாணப் பந்தியில் மூன்றாம் முறை சாம்பார் வாங்கிக்கொண்டே இதைச் சொல்வார். ஓட்டலில் சோடா உப்பு போடுகிறான் என்பார். எந்த ஓட்டல், யார் போட்டது என்று கேட்டால் பொதுவாகச் சொன்னேன் என்பார். தினமும் மத்தியானம் தன் தட்டைப் படம் எடுத்து, எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ‘இன்று நாங்கள் வைத்த வத்தக்குழம்பு’ என்று போடுவார். அந்த ‘நாங்கள்’ என்ற சொல்லை மட்டும் நான் ரொம்ப நாள் ஆராய்ச்சி செய்தேன். குழம்பு கொதிக்கும்போது அவர் உள்ளே போய், கரண்டியில் தொட்டு நாக்கில் வைத்து, "ஒரு கல்லு உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டு வெளியே வருகிறார். அதுதான் அவர் வைத்த பாதிக் குழம்பு.

நாலாவது ஆசை, சின்ன பிரேக். "மூளைக்கு ரெஸ்ட் வேணும் தம்பி" என்பார். ஓய்வு பெற்ற மனிதருக்கு எதிலிருந்து ஓய்வு? ஓய்விலிருந்துதான். போன வருடம் ஏற்காடு போனார்கள். அவருக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பதால் அரிசி, பருப்பு, மின்சார அடுப்பு எல்லாம் கூடவே போயின. அவர் ஏரிக்கரையில் நாயோடு நடந்தார். அக்கா ஏரியைப் பார்த்தது, லாட்ஜ் குளியலறையில் பாத்திரம் கழுவும்போது வெண்டிலேட்டர் வழியாக. திரும்பி வந்ததும் "ஏற்காடு எப்படிக்கா?" என்று என் மனைவி மணிமொழி கேட்டதற்கு, "தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருக்குது, பிசுக்கு போவல" என்று மட்டும் சொன்னார்.

இந்த முறை ஏலகிரி என்று முடிவானபோது அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அவர் நிபந்தனை போட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டுச் சுவர் வரைக்கும் கேட்டது.

"இந்தத் தபா நான் அடுப்பாண்ட போவ மாட்டேன். ரெண்டு நாள். ரெண்டே ரெண்டு நாள். யாராவது ஆக்கிப் போட்டா உக்காந்து துன்னுட்டு வரணும், அவ்ளோதான்."

"அதுக்கு இன்னா ஜெயா? நீ கால நீட்டி உக்காரு. சூப்பிரண்டு மேல சத்தியம்."

அக்கா அந்தச் சத்தியத்தை நம்பினார். என் மனைவியிடம் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் சுந்தரமூர்த்தி காரில் சாமான் ஏற்ற ஆரம்பித்தார். முதலில் மின்சார அடுப்பு. "சும்மா, வெந்நீர் போடத்தான்." அப்புறம் குக்கர். "சும்மா, இருக்கட்டும்." அப்புறம் மிக்சி, அரிசிப் பை, அஞ்சறைப்பெட்டி, இருபது லிட்டர் தண்ணீர் கேன். எல்லாம் சும்மாதான். "வழியில மட்டும் கட்டுச்சோறு இருந்தா நல்லா இருக்கும். செங்கம் ரோட்டுல புளிய மரத்தடியில உக்காந்து புளிசாதம் துன்ற சுகம் எதுல வரும்?" என்றும் போகிறபோக்கில் சொல்லிவைத்தார். அக்கா ஒவ்வொரு சாமானும் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு கேட்டருகே நின்றார். மறுநாள் காலை நாலு மணிக்கெல்லாம் அந்த வீட்டில் புளிக்காய்ச்சல் வாசனை வந்தது.

ஆறு மணிக்குக் கார் கிளம்பத் தயார். முன் சீட்டில் சூப்பிரண்டு. பின்னால் உட்கார்ந்தால் அதற்கு வாந்தி வரும். பின் சீட்டில் அடுப்பு, குக்கர், மிக்சி, பாய், அதன்மேல் கூரை வரைக்கும் தலையணைகள். ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஓர் ஆள் ஒடுங்கி உட்கார இடம் விட்டிருந்தது, அது அக்காவின் இடம். சுந்தரமூர்த்தி முன்னால் உட்கார்ந்து, "சூப்பிரண்டு, கியரு மேல கால வெக்காதீங்க, கொஞ்சம் அந்தாண்ட நவுருங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் வழியனுப்ப வெளியே வந்தேன். தலையணைப் பக்கத்துப் பின் கதவு திறந்து கிடந்தது. அக்கம்பக்கத்துக்கு உதவுகிற சுபாவம் எனக்கு. கதவைச் சாத்தினேன். "நல்லபடியா போய்ட்டு வாங்கக்கா!" என்றேன். பதில் வரவில்லை. அக்கா எப்போதுமே அதிகம் பேச மாட்டார் என்பதால் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. கார் போயிற்று.

திரும்பினால் கேட்டில் அக்கா நிற்கிறார். கையில் பூட்டும் சாவியும்.

"சிலிண்டர மூடினனான்னு பாக்கப் போனேன். போய்ட்டாரா?"

"போய்ட்டாருக்கா" என்றேன். அதாவது, நான் இத்தனை நேரம் தலையணைக்கு டாட்டா காட்டியிருக்கிறேன்.

அவசரமாகப் போனை எடுத்தேன். அக்கா என் கையைத் தடுத்தார். "கூப்டாத தம்பி. எப்ப தெரியுதுன்னு பாக்கலாம்."

"பஸ் ஸ்டாண்டு தாண்டுறதுக்குள்ள தெரிஞ்சிடும்கா."

"பசிக்கும்போது தெரியும்" என்றார் அக்கா. அவருடைய போன், மாற்றுப் புடவை, எல்லாமே காரில் போய்விட்டன. அவர் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் காலை நீட்டினார். மணிமொழி காபி போட எழுந்தாள். "உக்காரு மணி. தம்பி போயி கடையில பொங்கலு வடை வாங்கியாரட்டும்" என்றார். வாங்கி வந்தேன். அக்கா வடையைச் சட்னியில் முக்கி, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். சோடா உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆறரை ஆயிற்று, ஏழு ஆயிற்று. எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை. முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்த மனைவி பின்னால் இல்லை என்பது ஒரு மனிதனுக்குத் தெரியாமல் போகுமா? போகும். வழியில் என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு அவரே சொன்னார். கோட்டை மலை பின்னால் மறைகிற அழகு, ரோட்டோரக் கரும்பு, பச்சைமுத்துவின் நிம்மதியான தொழில், எல்லாவற்றையும் அக்காவுக்கு விளக்கிக்கொண்டே போயிருக்கிறார். கீழ்பென்னாத்தூரில் ஒருமுறை, "இன்னா ஜெயா, நான் சொல்றது சரிதான?" என்று கேட்டாராம். பதில் இல்லை. சரி என்றுதான் எடுத்துக்கொண்டாராம். திருவண்ணாமலையைத் தாண்டி, நல்ல புளிய மரமாகப் பார்த்துக் காரை நிறுத்தி, கையைக் கழுவி, மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து, பின் கதவைப் பார்த்தபடி காத்திருந்தாராம். பத்து நிமிடம்.

எட்டே காலுக்கு என் போன் அடித்தது.

"தம்பி! ஜெயாவ காணோம்!"

"எங்க சார் காணோம்?"

"கார்லதான் இருந்தா! போன் போட்டா அவ பை மட்டும் பாடுது!"

அக்கா கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன், ஸ்பீக்கரைப் போட்டு.

"இன்னாங்க."

"ஜெயா! எங்க இருக்கிற நீ?"

"செஞ்சியில."

"எப்ப எறங்கிப் போன?"

"நான் எங்கயும் போவல. நீங்கதான் போய்ட்டீங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, உடு. பசிக்குது" என்றார்.

"பச்சைத் தூக்குல புளிசாதம் இருக்குது. தொட்டுக்க உருளைக்கெழங்கு சின்ன டப்பாவுல. எலை மேல் பையில."

"அதெல்லாம் தெரியுது ஜெயா. யாரு எடுத்து வெக்கிறது?"

அக்கா கூரையைப் பார்த்தார். மணிமொழி என்னைப் பார்த்தாள். என்னை எதற்குப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

"நான் திரும்பி வந்துடறேன்" என்றது போன். "பத்து பத்தரைக்கெல்லாம் வந்துடுவேன். நீ இன்னா பண்ற, எனக்குச் சூடா ரெண்டு தோசையும் சூப்பிரண்டுக்குக் கொஞ்சம் பால்சோறும் ரெடி பண்ணி வெச்சிடு. ஏலகிரிய அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

அக்கா போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். ஸ்டூலிலிருந்து ஒரு காலை இறக்கினார். அப்புறம் மறுகாலை. ரெண்டு நாள் ரெண்டு மணி நேரத்தில் முடிந்துபோயிற்று. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. பாவம் அக்கா, இப்படி ஒரு மனுஷனிடம் மாட்டிக்கொண்டாரே என்று மனதுக்குள் சுந்தரமூர்த்தியைக் கண்டபடி திட்டினேன்.

மணிமொழி எழுந்து நின்றாள். "அக்கா, பாண்டிக்கு ஒம்போது மணிக்கு பஸ்ஸு இருக்குது."

"பாண்டிக்கா? கட்டின பொடவையோடவா?"

"என் பொடவை ரெண்டு எடுத்துக்கலாம். ரெண்டு நாள் எங்க சித்தி பொண்ணு ரூமுல தங்கிக்கலாம். கடலப் பாத்துக்கினு ஓட்டல்ல துன்னுட்டு வரலாம். எந்திரிங்க."

ஐந்தே நிமிடம். ஒரே ஒரு பை. அடுப்பு இல்லை, குக்கர் இல்லை, தலையணை இல்லை. ரெண்டு பேர் ரெண்டு நாள் வெளியூர் போக இவ்வளவுதான் வேண்டும் என்பதை நான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன். மெச்சத்தான் தோன்றியது. ஆனாலும் ஒரு தகவலுக்காக மட்டும் கேட்டேன்.

"அப்ப மதியானத்துக்கு?"

இருவரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மணிமொழி அந்த மாதிரிப் பார்வையை இதுவரை அடுத்த வீட்டுச் சுவரை நோக்கித்தான் செலுத்தியிருக்கிறாள்.

"வாங்கக்கா, பஸ்ஸு போயிடும்" என்றாள்.

பத்தேகாலுக்குக் கார் வந்தது. முன் சீட்டிலிருந்து சூப்பிரண்டு இறங்கியது. வயிறு தொங்கியது, மூக்கில் ஒரு கடுகு. சுந்தரமூர்த்தி மரத்தடியில் கை கழுவிக் காத்திருந்த அந்தப் பத்து நிமிடத்தில் அது பின்பக்கம் தாவி, தூக்கைச் சாய்த்து, யாரும் எடுத்து வைக்காமலேயே புளிசாதத்தை முடித்திருக்கிறது. சுந்தரமூர்த்தி பசியில் வெளுத்துப் போயிருந்தார். வீட்டுப் பூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டு பேருமா?" என்றார்.

"ரெண்டு பேரும்தான் சார்."

அவரிடம் முதல் தடவையாக எனக்கு ஒரு பாசம் வந்தது. "வாங்க சார், காபி போடுறேன்" என்று உள்ளே கூட்டிப் போனேன். பாலைக் காய்ச்சினேன். அதில் பாதி பொங்கி அடுப்பிலேயே நின்றுவிட்டது, மீதி கிடைத்தது. காபிப்பொடியை ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடினோம். பிஸ்கட் டப்பாவில் பிஸ்கட் இல்லை, காய்ந்த மிளகாய் இருந்தது. சர்க்கரை என்று எழுதிய டப்பாவில் வெந்தயம். பதினெட்டு வருடமாக நான் இருக்கிற வீடு இது, என் பெயரில்தான் வீட்டுவரி ரசீது வருகிறது. கடைசியில் மேல்தட்டில் ஓர் எவர்சில்வர் டப்பாவில் பழுப்பாக ஒரு பொடி அகப்பட்டது. தாராளமாகப் போட்டேன். ஆற்றும்போது நுரை பிரமாதமாக எழும்பியது. ஓட்டலில் இந்த நுரை வராது.

சுந்தரமூர்த்தி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடி, ஒரு பெரிய வாய் குடித்தார். நானும் குடித்தேன்.

"வீட்டுக் காபி மாதிரி வருமா தம்பி?" என்றார். அப்புறம்தான் முகம் மாறியது.

சீயக்காய்.

ரெண்டு பேரும் முற்றத்துக் குழாயில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது பாண்டியிலிருந்து ஒரு படம் வந்தது. அதற்குள் மணி பன்னிரண்டாகியிருந்தது. கடற்கரைச் சுவரில் ரெண்டு பெண்கள், கையில் ஐஸ்கிரீம். அக்கா காலை நன்றாக நீட்டியிருந்தார். கீழே மணிமொழி ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘இன்று நாங்கள் வைத்த ஐஸ்கிரீம்.’

இதோடு விட்டுவிடலாம். சுந்தரமூர்த்தியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், போகிற வழியில் நானும் வண்டியில் ஏறிவிட்டேன். நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தீர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் கடுகு எந்த டப்பாவில் இருக்கிறது? எழுந்து போகக்கூடாது. யாரையும் கேட்கவும் கூடாது.

ஏன் சார், சமையலறைப் பக்கம் திரும்பி யாரையோ கூப்பிடுகிறீர்கள்?